லோத்தோங் ஓடவில்லை என்றால் அதற்குப் பயமில்லை என்று அர்த்தமா?

தஞ்சோங்பூங்கா அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில், மலையை ஒட்டிய கொண்டோவில் ஆறாவது மாடி. பின்பக்கச் சரிவில் லோத்தோங் கூட்டம் ஒன்று ரொம்ப நாளாக இருக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுப்புக் குரங்கு, பினாங்குக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது ஒரு குட்டி வேறு பிறந்திருக்கிறது, ஆரஞ்சு நிறத்தில்.

இந்த வருடம் சரிவின் அந்தப் பக்கம் கட்டுமான வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் இயந்திரம் முழங்க ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. முதலில் சத்தம் கேட்டதும் கூட்டம் மேலே காட்டுக்குள் ஓடிவிடும். இப்போது ஓடுவதே இல்லை. எங்கள் பால்கனிக்கு எதிரே உள்ள கெத்தாப்பாங் மரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர், "பழகிப்போச்சு, அதுகளுக்கு ஒன்றும் இல்லை" என்கிறார். நான்காம் படிவம் படிக்கும் என் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. குட்டி வைத்திருக்கும் பெண் குரங்கு முழங்கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறது, இயந்திரம் நின்றால் சொறிவதும் குறைகிறது என்கிறான். பள்ளி அறிவியல் விழாவுக்கு இதையே செய்ய வேண்டும் என்று பிடிவாதம். காட்டு விலங்கு உளைச்சலில் இருக்கிறதா என்று வெளியில் நின்று கண்டுபிடிக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்

நல்ல கேள்வி அம்மா. ஆனால் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். நமக்குப் பிடிக்காத சத்தம் குரங்குக்கும் பிடிக்காது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு அதற்கு ஆதாரம் தேடக்கூடாது. கொசு கடித்தாலும் குரங்கு சொறியும். எதை வைத்து உளைச்சல் என்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும்.

வனநடை

அம்மா, பினாங்கிலும் பேராவிலும் குரங்கு ஆய்வுகளில் களப்பணி செய்கிறேன். உங்கள் மகன் கவனித்தது சின்ன விஷயம் இல்லை. சொறிதல், தன்னைத் தானே கோதிக்கொள்ளுதல், கொட்டாவி, உடம்பை உலுக்குதல், இந்த நான்கையும் குரங்கு ஆய்வாளர்கள் பதற்றத்தின் அடையாளமாக 1990-களிலிருந்தே எண்ணி வருகிறார்கள். வாத்தியார் ஐயா சொல்வதுபோல் கொசுவுக்கும் சொறியும். அதனால்தான் ஒரு தடவை பார்த்ததை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை, எந்தச் சூழ்நிலையில், வேறு சூழ்நிலையில் எத்தனை தடவை என்று பார்க்க வேண்டும்.

மொரோக்கோவில் பார்பரி மக்காக் ஆண் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வந்தது. சுற்றுலாப் பயணிகள் கூடக் கூடக் குரங்குகள் தங்களைச் சொறிந்துகொள்வதும் கூடியது. சாப்பாடு கொடுக்க வந்தவர்களிடமும் அதே பதற்றம். ஆனால் மலத்தில் அளந்த அழுத்த ஹார்மோன், பயணிகள் அந்தக் குரங்குகளோடு மோதியபோது, அதாவது விரட்டியது, மிரட்டியது, அடிக்க ஓங்கியது போன்ற நேரங்களோடுதான் சேர்ந்து ஏறியது. ஆள் எண்ணிக்கையோடு ஏறவில்லை. ஒரே விலங்கு, ஒரே இடம், உடல் நடத்தை ஒன்றைக் காட்டுகிறது, ஹார்மோன் வேறொன்றைக் காட்டுகிறது. இரண்டில் எது பொய் என்று கேட்டால், இரண்டுமே உண்மைதான். மெல்லிய பதற்றம் வேறு, உடம்பு முழுக்க எச்சரிக்கையாகி ஆற்றலைத் திரட்டும் நிலை வேறு.

இப்போது உங்கள் தலைப்புக்கு வருகிறேன். லோத்தோங் ஓடாமல் இருப்பதற்குக் குறைந்தது மூன்று காரணம் இருக்கலாம்.

உங்கள் அயலவர் சொன்ன பழக்கம் ஒன்று. அது நடக்கிறதுதான், மறுக்கவில்லை.

இன்னொன்று வயிறு. லோத்தோங் இலை தின்னும் குரங்கு. அதன் இரைப்பை பல அறைகளாக இருக்கும், அதற்குள் கிருமிகள் இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. காலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது அதன் அன்றாட வேலையிலேயே ஒரு பகுதி. இது தெரியாமல் பார்த்தால், சும்மா செரித்துக்கொண்டிருக்கும் குரங்கை "பயத்தில் உறைந்துபோச்சு" என்றும் சொல்லலாம், "நிம்மதியாக இருக்கிறது" என்றும் சொல்லலாம். இரண்டும் நம் கற்பனை.

மூன்றாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. ஓடுவதற்கு இடம் வேண்டும். ஒரு லோத்தோங் கூட்டத்துக்கு என்று ஒரு வட்டாரம் உண்டு. மேலே போனால் அங்கே வேறொரு கூட்டம் இருக்கும், கீழே சாலை. எங்கே போனாலும் இதைவிட மோசம் என்றால் இருந்த இடத்திலேயே இருந்துகொள்ளும். நல்ல இடம் பக்கத்தில் இருக்கிற விலங்கு சட்டென்று ஓடும். போக்கிடம் இல்லாதது நின்று தாங்கிக்கொள்ளும். ஓடுகிற விலங்குக்குத்தான் தொல்லை என்று எண்ணி, ஓடாததை விட்டுவிட்டால், மிகவும் அடிபட்டதையே விட்டுவிடுவோம். நான் இத்தனை நீளமாக எழுதுவதே இதற்காகத்தான். "பழகிவிட்டது" என்ற ஒரு வார்த்தையை வைத்து எத்தனையோ சரிவுகளை வெட்டிவிட்டார்கள்.

பழைய வாத்தியார்

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். நடத்தையைப் பார்த்தால் நம் கற்பனை கலந்துவிடும் என்கிறீர்கள். அப்படியானால் நேராக இரத்தத்தில் கார்டிசோல் என்ற அந்த அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று அளந்துவிட்டால் சண்டையே இல்லையே?

சோதனைக்குழாய்

ஐயா, நான் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவன். மனிதர்களின் கார்டிசோல் பரிசோதனை எங்களுக்கு அன்றாட வேலை. காட்டு விலங்குக்கு அது ஏன் எளிதில்லை என்று சொல்கிறேன்.

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் இரண்டு வேலை நடக்கிறது. முதலாவது நொடிக்கணக்கில் நடப்பது: அட்ரினலின் பாய்ந்து இதயம் அடித்துக்கொள்ளும். ஓடு அல்லது எதிர்த்து நில் என்ற அந்த நிலையை வால்டர் கேனன் 1915-லேயே எழுதிவிட்டார். இரண்டாவது நிமிடக்கணக்கில் நடப்பது: மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பக்கத்தில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, அது கார்டிசோலை விடுகிறது. குரங்கு, யானை, மனிதன் எல்லாருக்கும் கார்டிசோல். எலிக்கு அதன் உறவான கார்ட்டிகோஸ்டீரோன்.

சிக்கல் இதுதான். விலங்கைப் பிடித்து ஊசி குத்தினால் பிடித்ததாலேயே ஹார்மோன் ஏறிவிடும். ஏறத்தாழ 3 நிமிடத்துக்குள் இரத்தம் எடுத்தால்தான் பிடிப்பதற்கு முந்தைய நிலை தெரியும். மரத்தின் உச்சியில் இருக்கும் லோத்தோங்கை 3 நிமிடத்தில் யார் பிடிப்பது? கென்யாவில் ராபர்ட் சபோல்ஸ்கி 1970-களின் கடைசியிலிருந்து பபூன் குரங்குகளை ஊதுகுழல் மயக்க ஊசியால் வீழ்த்தி இரத்தம் எடுத்தார். அதற்கே எத்தனை கட்டுப்பாடு தெரியுமா? விலங்கு ஊசியை எதிர்பார்த்திருக்கக்கூடாது, அன்று சண்டை போட்டிருக்கக்கூடாது, ஒரே நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் பகலில் நடமாடும் விலங்குகளுக்குக் காலையில் கார்டிசோல் உச்சத்தில் இருக்கும், பொழுது சாயச் சாய இறங்கும்.

அதனால்தான் மலத்துக்கு வந்தார்கள். விலங்கைத் தொடவே வேண்டாம், அது போட்டுவிட்டுப் போனதும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாங்கள் மனித இரத்தத்துக்கு வைத்திருக்கும் கிட் அங்கே அவ்வளவாக உதவாது. கல்லீரல் கார்டிசோலைச் சிதைத்துப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. வெளியே வருவது பெரும்பாலும் அதன் சிதைவுப் பொருள்கள். அவற்றை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்பொருள் (antibody) வேண்டும். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே சோதனை முறைகளை உருவாக்கினார்கள். அதிலும் ஒவ்வோர் இனத்துக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். விலங்குக்காட்சி சாலையில் உள்ள ஒன்றுக்கு அட்ரினலைத் தூண்டும் ஊசி போட்டு, பிறகு மலத்தில் அளவு ஏறுகிறதா, எத்தனை மணி நேரம் கழித்து ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஏறவில்லை என்றால் அந்தச் சோதனை அந்த இனத்துக்கு ஆகாது.

மலத்தில் உள்ள அளவு தெனாகா மின்கட்டண பில் மாதிரி. மொத்தம் எவ்வளவு ஓடியது என்று தெரியும், எந்த ராத்திரி ஏர்கான் போட்டோம் என்று தெரியாது. சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் வரை, விலங்கைப் பொறுத்து, நடந்ததெல்லாம் அதில் கலந்திருக்கும். நீண்ட நாள் தொல்லையைப் பார்க்க அது நல்லதுதான், ஒரு நொடிச் சத்தத்தைப் பிடிக்க உதவாது. ரோமத்தில் எடுத்தால் வாரக்கணக்கு, மாதக்கணக்கு.

இன்னொரு தலைவலி நம் ஊர் வெயிலும் மழையும். கீழே விழுந்த மலத்தில் கிருமிகள் தங்கள் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும், ஹார்மோன் அளவு மாறும். எவ்வளவு நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று நம் நாட்டு யானை ஆய்வுக் குழுவே பார்த்திருக்கிறது. வெப்பமண்டலச் சூழலில் ஆசிய யானையின் சாணத்தில் 8 மணி நேரம் வரை அளவு நிலையாக இருக்கிறது என்று 2016-இல் வெளியிட்டார்கள்.

தோட்டத்துப் பிள்ளை

யானை என்றதும் உள்ளே வந்துவிட்டேன். இப்போது கோலாலம்பூரில் வேலை, ஆனால் பிறந்து வளர்ந்தது கிளந்தான் எல்லைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். கன்று நட்ட வருடமெல்லாம் யானை இறங்கும். குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும். எங்கள் மாமா சொல்வார், காட்டை அழித்ததால் யானைக்கு வெறி பிடித்துவிட்டது, அந்த உளைச்சலில்தான் தோட்டத்துக்குள் வருகிறது என்று. சாணத்தை எடுத்துச் சோதித்தால் அது நிரூபணமாகுமா?

வனநடை

தம்பி, நீங்கள் கேட்டதைத் தென்னிந்தியாவில் சோதித்துப் பார்த்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராமன் சுகுமார் குழுவினர். பயிரில் மேயும் யானைகளின் சாணத்தையும், காப்புக்காட்டை விட்டு வெளியே வராத யானைகளின் சாணத்தையும் ஒப்பிட்டார்கள். 2019-இல் வெளியான முடிவு மாமா சொன்னதற்கு நேர் எதிர். பயிர் மேய்ந்த யானைகளுக்கு ஹார்மோன் அளவு குறைவு. அவற்றின் தீனியில் சத்து அதிகம். அதே குழு முதுமலை, பந்திப்பூர் பக்கத்தில் இதற்கு முன் பார்த்தபோது, வறட்சிக் காலத்தில் எலும்பு தெரிய மெலிந்த யானைகளுக்கு அளவு கூடியிருந்தது.

இதை வைத்து "யானைக்குத் தோட்டம்தான் சொர்க்கம்" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். வேலியில் மின்சாரம், வெடி, கிணறு, விஷம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதில் செத்துப்போன யானை சாணம் போடாது, கணக்கிலும் வராது. ஆனால் ஆய்வு சொல்வதை மறைக்கவும் கூடாது. கார்டிசோலின் அடிப்படை வேலை உடம்புக்கு ஆற்றலைத் திரட்டித் தருவது. பசித்தால் ஏறும். குளிரில் ஏறும். கர்ப்பத்தில் ஏறும். இணை சேரும் காலத்தில் ஆணுக்கு ஏறும். அளவு ஏறியதை மட்டும் காட்டி "துன்பப்படுகிறது" என்றால் அது பாதி அறிவியல்.

கென்யாவின் அம்போசெலியில் 125 ஆண் பபூன்களின் மலத்தை 9 வருடம் சேர்த்து 2011-இல் ஓர் அறிக்கை வந்தது. கூட்டத்துக்கே தலைவனாக இருக்கும் ஆணுக்கு, அவனுக்கு அடுத்த இடத்தில் இருப்பவனைவிட அழுத்த ஹார்மோன் அதிகம். தின்ன முதல் உரிமை, பெண்களிடம் முதல் உரிமை, எல்லாம் அவனுக்குத்தான். ஆனால் அந்த இடத்தைக் காத்துக்கொள்ள அவன் ஓயாமல் செலவழிக்க வேண்டியிருக்கிறது. நடத்தைக் குறிப்பு இல்லாமல் மலத்தை மட்டும் சோதித்திருந்தால் இது யாருக்காவது புரிந்திருக்குமா?

பழைய வாத்தியார்

அப்படியென்றால் இரண்டையும் சேர்த்தால்தான் படம் முழுமையாகும். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தத்தையும் பசியையும் எப்படித்தான் பிரிப்பது? காட்டில் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறதே.

சோதனைக்குழாய்

சில சமயம் உலகமே நமக்கு ஒரு சோதனையைச் செய்து தந்துவிடும் ஐயா. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ரைட் திமிங்கிலங்களின் மலத்தை ஒரு குழு ஏற்கெனவே சேகரித்துக்கொண்டிருந்தது. மோப்ப நாயைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் மிதக்கும் மலத்தைக் கண்டுபிடிப்பார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாள் கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்துபோனது. நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அந்தச் சமயத்தில் எடுத்த மலத்தில் அழுத்த ஹார்மோனும் இறங்கியிருந்தது. மற்ற வருடங்களில் அதே செப்டம்பர் மாதத்தில் அப்படி இறங்கவில்லை. இதையெல்லாம் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். அந்தத் திமிங்கிலங்கள் அத்தனை வருடமும் அந்த இரைச்சலிலேயே மேய்ந்துகொண்டுதான் இருந்தன. வெளியே பார்த்தால் பழகியதுபோலத்தான் இருந்திருக்கும்.

பத்துமலைக்காரன்

எங்கள் ஊர்க் குரங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. கோம்பாக்கில் இருக்கிறேன், பத்துமலை பக்கம்தான். 272 படியிலும் உட்கார்ந்திருக்கும் கெரா, அதாவது நீண்டவால் மக்காக் குரங்குக் கூட்டம் மனிதனைப் பார்த்து ஓடுவதில்லை, மனிதன்தான் ஓடுகிறான். போன வாரம் ஒரு சுற்றுலாக்காரப் பெண் கைப்பேசியை முகத்துக்கு நேராக நீட்டிப் படம் எடுத்தார். பெரிய ஆண் ஒன்று வாயைப் பிளந்து பல்லைக் காட்டியது. "சிரிக்கிறது பார்" என்றார். அடுத்த நொடி கையிலிருந்த பையைப் பிடுங்கிவிட்டது. தைப்பூசத்தின்போது அத்தனை லட்சம் பேர், உறுமி, மேளம், அந்த இரைச்சலில் இவை என்னதான் படும் என்று நினைப்பேன். யாராவது தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் மலம் எடுத்துச் சோதித்தால் நன்றாக இருக்கும்.

வனநடை

அண்ணே, அந்தப் பெண் பார்த்தது சிரிப்பில்லை. மக்காக் இனத்தில் வாயைத் திறந்து நேராக முறைத்துப் பார்த்தால் மிரட்டல். உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டிச் சத்தமில்லாமல் இருந்தால் பெரும்பாலும் பயம், பணிவு. கோரைப்பல் முழுதும் தெரிய நீளமாகக் கொட்டாவி விட்டால் பதற்றம் என்றும் இருக்கலாம், "என்னிடம் என்ன இருக்கிறது பார்" என்றும் இருக்கலாம். கைப்பேசியை முகத்துக்கு நேராக நீட்டுவது குரங்கின் கணக்கில் நாம் அதை முறைப்பது. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கினாலே பாதிச் சண்டை வராது.

தைப்பூச யோசனை நல்ல யோசனை. ஆனால் அன்று இரைச்சலோடு சாப்பாடும் குவிகிறது. தேங்காய், வாழைப்பழம், பாக்கெட் பானம். ஒன்று ஹார்மோனை ஏற்றலாம், மற்றது இறக்கலாம். தீனி மாறினால் குடலில் பயணிக்கும் நேரமும் மாறும், அதனால் மலத்தில் தெரியும் அளவும் மாறும். செய்கிறவர் யார் எதைத் தின்றது என்று பக்கத்திலேயே நின்று எழுத வேண்டும். குரங்குகளை முகம் பார்த்து அடையாளம் தெரிந்திருக்கவும் வேண்டும், இல்லையென்றால் ஒரே குரங்கின் மலத்தைப் பத்துக் குரங்கின் மலம் என்று எண்ணிவிடுவோம்.

தண்ணீர்மலை பக்தை

படித்துக்கொண்டே வந்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவள். கீழே வரும்போது குரங்குக்கு இரண்டு பழம் போடுவது எங்கள் பாட்டி காலத்துப் பழக்கம். வாயில்லா ஜீவனுக்குச் சோறு போடுவதும் தவறு என்று இப்போது எல்லாரும் சொல்கிறீர்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வனநடை

அக்கா, உங்கள் மனசு புரிகிறது. பசித்ததுக்குப் போட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று பலமுறை கவனித்ததைச் சொல்கிறேன். பழம் தரையில் விழுந்ததும் முதலில் வருவது பெரிய ஆண். அது எடுத்துக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும். குட்டியோடு இருக்கும் தாய் ஓரமாக நின்று பார்க்கும், கிட்டே வந்தால் கடி வாங்கும். காட்டில் இலையும் பழமும் நூறு மரத்தில் பரவிக்கிடக்கும், ஆளாளுக்கு ஒரு கிளை. ஒரே இடத்தில் குவித்துவிட்டால் சண்டையையும் சேர்த்துக் குவிக்கிறோம். பலவீனமானதுதான் பட்டினியும் கிடக்கிறது, அடியும் வாங்குகிறது.

லோத்தோங்குக்கு ரொட்டியோ இனிப்போ போட்டால் இன்னும் மோசம். நான் சொன்ன அந்தப் புளிக்கும் வயிற்றில் மாவும் சர்க்கரையும் போனால் அமிலம் ஏறி உப்பிப்போகும். பாட்டி காலத்தில் அந்த மலையைச் சுற்றி இத்தனை கட்டடமும் வாகனமும் இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டுக்குச் சாலை ஓரம் வந்து நிற்கிற குரங்கு அடிபட்டுச் சாகிறது. நீண்டவால் மக்காக்கை 2022-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகவே சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

தண்ணீர்மலை பக்தை

தாய்க்குரங்கு ஓரமாக நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். வெட்கப்படுகிறது என்று நினைத்துக்கொள்வேன். பழத்தை இனி முருகனுக்கே வைத்துவிடுகிறேன்.

தோட்டத்துப் பிள்ளை

சாலை என்றதும் ஞாபகம் வந்தது. தெலுக் பாஹாங்கில் லோத்தோங் சாலையைக் கடக்கக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்களாமே? தஞ்சோங் பூங்காவிலும் அப்படி ஒன்று போட்டால் அம்மா வீட்டுக் கூட்டத்துக்குப் போக்கிடம் கிடைக்காதா?

வனநடை

ஆமாம், பினாங்கு லங்கூர் (லோத்தோங்) திட்டம் என்ற குழு 2019-இல் கட்டியது. பழைய தீயணைப்புக் குழாய்களைத் திரும்பப் பயன்படுத்திச் செய்த பாலம். நல்ல வேலை. பாலம் இரண்டு காட்டை இணைக்கும், அந்தப் பக்கம் காடு இருந்தால். தஞ்சோங் பூங்காவில் எதை எதோடு இணைப்பது என்று முதலில் தெரிய வேண்டும். அந்தக் கூட்டம் எங்கே தூங்குகிறது, எந்த மரத்தில் மேய்கிறது, எந்த வழியாகப் போகிறது என்ற குறிப்பு யாரிடமாவது இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும். பால்கனியிலிருந்து தினமும் எழுதி வைக்கும் ஒரு பையன் இருந்தால் அது பெரிய உதவி.

தஞ்சோங்பூங்கா அம்மா

அந்தப் பையன் பக்கத்திலேயே நிற்கிறான். இனி அவனே எழுதுகிறான்.

வணக்கம் அக்கா. என்னிடம் சோதனைக்கூடம் இல்லை. கீழே விழும் மலத்தை எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோகலாமா? இல்லை, பார்த்து மட்டும் செய்தால் போதுமா? பார்த்துச் செய்தால் எப்படி எழுதுவது?

சோதனைக்குழாய்

தம்பி, மலத்தைத் தொடவே தொடாதே. குரங்கிடமிருந்து மனிதனுக்குத் தொற்றக்கூடிய புழுவும் கிருமியும் உண்டு. தவிர, பாதுகாக்கப்பட்ட விலங்கை ஆய்வு செய்ய, மாதிரி எடுக்க, 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் அனுமதி வாங்க வேண்டும். காட்டுக்குள்ளும் இறங்காதே. நம் நாட்டில் மக்காக் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு மலேரியா வருகிறது. பால்கனி போதும்.

வனநடை

பால்கனி நல்ல இடம் தம்பி. குரங்கு உன்னைக் கண்டுகொள்ளாது, நீயும் தினமும் அங்கே இருப்பாய்.

ஜீன் ஆல்ட்மன் என்ற ஆய்வாளர் 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்றுதான் இன்றைக்கும் எங்கள் வேலைக்கு அடிப்படை. அம்போசெலி பபூன் ஆய்வைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால், சண்டையும் கூச்சலும்தான் தாளில் நிறையும், சும்மா இருந்த நேரமெல்லாம் காணாமல் போகும் என்று அவர் காட்டினார். அதனால் நீ இப்படிச் செய். ஒரு குரங்கைத் தேர்ந்தெடு. 10 நிமிடம் அதை மட்டும் பார். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை தடவை சொறிந்தது, எத்தனை தடவை சுற்றுமுற்றும் பார்த்தது, தின்றதா, உட்கார்ந்ததா என்று எழுது. பிறகு அடுத்த குரங்கு. யாரை முதலில் பார்ப்பது என்பதை முன்கூட்டியே சீட்டுப் போட்டு முடிவு செய்துகொள். இல்லாவிட்டால் கண் தானாகச் சொறிகிற குரங்கிடமே போகும்.

சத்தத்தைப் பற்றிய குறிப்பு தனித் தாளில் இருக்கட்டும். முடிந்தால் அம்மா அதை எழுதட்டும். நீ காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு பார். இயந்திரம் ஓடுவது தெரிந்தால் உனக்கே அறியாமல் சொறிவதை அதிகமாக எண்ணுவாய். எனக்கும் அப்படித்தான் நடக்கும், எல்லாருக்கும் நடக்கும்.

தஞ்சோங்பூங்கா அம்மா

சரி, சத்தத் தாள் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை இல்லை. சீனப் புத்தாண்டுக்கும் சில நாள் நிறுத்துவார்கள் என்று காவலாளி சொன்னார். திமிங்கிலக் கதை மாதிரி அதைப் பயன்படுத்தலாமா?

பழைய வாத்தியார்

அருமையான யோசனை, ஆனால் பினாங்கில் சீனப் புத்தாண்டு என்றால் பட்டாசு. ஒன்பதாம் நாள் பிறக்கும் அந்த இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சத்தம் நின்று இன்னொரு சத்தம் வரும்.

வனநடை

ஐயா சொல்வது சரி. ஞாயிற்றுக்கிழமையையே முதன்மையான ஒப்பீடாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் வேலை நாளும் ஒரே மணியில் பார்க்க வேண்டும். காலை மேய்ச்சலையும் நண்பகல் ஓய்வையும் ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் ஆள் கூடினால், சின்னப் பிள்ளைகள் விளையாடினால் அதையும் அம்மா எழுதட்டும். புத்தாண்டு விடுமுறையைக் கூடுதல் தகவலாக வைத்துக்கொள்ளலாம், முந்தைய இரவு பட்டாசு உண்டா இல்லையா என்று ஒரு கட்டம் போட்டு. கெத்தாப்பாங் எப்போது துளிர் விடுகிறது, காய்க்கிறது என்றும் வாரம் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

தாய்க்கும் குட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆரஞ்சு நிறக் குட்டியை லோத்தோங் கூட்டத்தில் மற்றப் பெண் குரங்குகளும் வாங்கித் தூக்கும். வேலை நாளில் தாய் குட்டியை மற்றவர்களிடம் விடாமல் தானே இறுக்கிப் பிடித்திருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை விடுகிறதா என்று பார். குட்டி இன்னும் சில மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும், அதற்குள் ஆரம்பித்தால் நல்லது.

தஞ்சோங்பூங்கா அம்மா

அக்கா, மகன் கேட்கிறேன். கொட்டாவியையும் எண்ணச் சொன்னீர்கள். தூக்கத்தில் வரும் கொட்டாவியையும் பதற்றக் கொட்டாவியையும் எப்படிப் பிரிப்பது?

வனநடை

பிரிக்காதே. கொட்டாவி என்று மட்டும் எழுது. மணி என்ன, பக்கத்தில் யார் இருந்தது, அதற்கு முந்திய நிமிடம் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுது. ஒரு வாரத்துத் தாளைப் படம் எடுத்து இங்கேயே போடு, சேர்ந்து பார்க்கலாம்.